இரண்டு வருஷத்துக்கு ஓர் ஊர்

அடையாற்றிலிருந்து பரங்கிமலை ஒன்றும் தொலைவில்லை. 1963-இல் அங்கே தொடங்கிய அதிகாரிகள் பயிற்சிப் பள்ளி இன்று ஓ.டி.ஏ. என்று அறியப்படும் அகாடமியாக, நாடெங்கிலுமிருந்து வரும் பட்டதாரிகளை 49 வாரங்களில் லெப்டினன்ட்டுகளாக்கி அனுப்புகிறது. ஆனால் மயிலாப்பூர், தி.நகர் வீடுகளில் பிள்ளைகளின் எதிர்காலம் பற்றிப் பேச்சு வரும்போது அந்தப் பெயர் அபூர்வமாகத்தான் காதில் விழும். கல்லூரி இறுதியாண்டில் இருக்கும் என் தம்பி மகள் ராணுவ அதிகாரிப் பணிக்கான சி.டி.எஸ். தேர்வு எழுதப்போவதாகச் சொன்னதும் வீட்டில் எல்லோரும் திகைத்தார்கள். "முப்பது வருஷம் ஒரே நாற்காலியில என்னால உட்கார முடியாது பெரியப்பா. ஆர்மின்னா ரெண்டு வருஷத்துக்கு ஒரு ஊர், போற ஊர்ல எல்லாம் புது வேலை" என்றாள்.

நியாயமான ஆசை. ஆனால் பட்டாளத்துக்குப் போக அந்த ஆசை மட்டும் போதுமா?

அவள் சொல்லும் பலவகை வாழ்க்கை உண்மையிலேயே அங்கே கிடைக்கிறது. நம் செங்கல்பட்டில் பிறந்த கே. சுந்தர்ஜியையே எடுத்துக்கொள்ளலாம். சென்னை கிறித்துவக் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு மஹர் ரெஜிமென்டில் சேர்ந்தவர். 1963-இல் ஐ.நா. படையோடு காங்கோவில் இருந்தார். பின்னர் மாவ் நகரில் போர்க் கல்லூரியின் தலைவராகி, அணு ஆயுதங்கள் பற்றி அதிகாரிகளிடையே அஞ்சல்வழிக் கருத்தரங்கு நடத்தினார். இயந்திரமயக் காலாட்படை காலூன்றியதில் அவருக்குப் பெரிய பங்குண்டு. 1986 முதல் 1988 வரை தரைப்படைத் தலைவர். ஓய்வுக்குப் பின் அணு ஆயுதக் கொள்கை பற்றி ஒரு நாவலும் எழுதினார். அவர் எடுத்த முடிவுகள் சிலவற்றைப் பற்றி இன்றும் வாதிடுகிறார்கள், வாதிட வேண்டியதுதான். ஆனாலும் போர்முனை, வகுப்பறை, ஆய்வு, நிர்வாகம் என்று ஒரே சீருடைக்குள் இத்தனைக்கும் இடமிருந்திருக்கிறது. எல்லோரும் சுந்தர்ஜி ஆவதில்லை. ஆனால் நடுத்தரப் பதவியிலுள்ள ஓர் அதிகாரி வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜில் பயிற்சி முடித்து, சேப்பாக்கத்தில் இருக்கும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எம்.எஸ்சி. பட்டமும் பெறலாம்.

என்னை அதிகம் யோசிக்க வைப்பது வேறொன்று. மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் பரங்கிமலையில் பயிற்சி பெற்று 1972-இல் மஹர் ரெஜிமென்டில் சேர்ந்தார். 1987 நவம்பர் 25 அன்று இலங்கையில், மார்பில் குண்டு பாய்ந்த பின்னும் தன் வீரர்களுக்குக் கட்டளையிட்டபடியே உயிர் நீத்தார். பரம்வீர் சக்கரம் பெற்றார். தாம்பரத்தில் வாழ்ந்த மேஜர் முகுந்த் வரதராஜனும் அதே பரங்கிமலையிலிருந்து 2006-இல் ராஜ்புத் ரெஜிமென்டுக்குப் போனவர். 2014 ஏப்ரலில் காஷ்மீரின் சோபியானில் வீழ்ந்தார். அவருக்கு அசோக சக்கரம். இவர்கள் பெயரைச் சொல்லாமல் இந்த வேலையின் வசதிகளை மட்டும் ஒரு பெண்ணிடம் அடுக்குவது நேர்மையாகாது. மரணமும் இந்த ஒப்பந்தத்தில் அடக்கம்.

இன்னொன்றும் இருக்கிறது. இருவரும் தமிழர்கள், இருவருமே பெரும்பாலும் தமிழ் அல்லாத வேறு மொழி பேசும் வீரர்களுக்குத் தலைமை தாங்கினார்கள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதில் முப்பது பேர் கொண்ட பிளட்டூன் ஓர் இளைஞனின் பொறுப்பில் வந்து சேர்கிறது. அதில் அவனைவிடப் பல மடங்கு அனுபவமுள்ள சுபேதார் இருப்பார். மகளின் பள்ளிச் சேர்க்கைக்கு லீவு கேட்பவர் இருப்பார். ஊரில் நிலத்தகராறு உள்ளவரும் இருப்பார். கூர்க்கா படைக்குப் போகும் தமிழ் அதிகாரி அவர்களுடைய மொழியைக் கற்றாக வேண்டும். அந்த முப்பது பேரை அறிந்து, அவர்கள் நம்பும்படி நடந்துகொள்வதுதான் இந்த வேலை. ஊர் மாறுவதும் பணி மாறுவதும் அதன் மேல் வந்து சேர்பவை. இடமாற்றத்தை எங்கே, எப்போது என்று நாமாகத் தேர்ந்தெடுக்கவும் முடியாது. பனிமலை கேட்டவருக்கு ஸ்டோர்ஸ் கணக்கு கிடைக்கலாம். வெறும் மாற்றத்தை நாடிப் போனவருக்கு அது தண்டனை. ஆட்களுக்காகப் போனவர் அந்தக் கணக்கிலும் யாருக்கோ போய்ச் சேரவேண்டிய குளிர்க்கோட்டைப் பார்ப்பார்.

பெண்களுக்கு இந்தக் கதவு மெதுவாகத்தான் திறந்தது. 1992-இல் பரங்கிமலையில் பெண்களுக்குப் பயிற்சி தொடங்கியது. பெரும்பாலான பிரிவுகளில் ஆண்களைப் போல் நிரந்தரமாகப் பணியாற்ற 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. 2023-இல் ஐந்து பெண்கள் பரங்கிமலையிலிருந்து பீரங்கிப் படைக்குப் போனார்கள். காலாட்படை இன்னும் திறக்கவில்லை. திறக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

தம்பியும் அவன் மனைவியும் எல்லையையும் குண்டையும் நினைத்துக் கலங்குகிறார்கள். அதைவிட அன்றாடமான கேள்விகளை அவர்கள் அவளோடு உட்கார்ந்து பேசலாம். பரங்கிமலையில் பயிற்சி முடிப்பவருக்குக் கிடைக்கும் குறுகிய காலப் பணி பத்து ஆண்டுகள். நீட்டித்தால் இன்னும் நான்கு. நிரந்தரப் பணி கிடைக்காவிட்டால் முப்பதுகளின் நடுவில், பென்ஷன் இல்லாமல் வெளியே வரவேண்டும். கணவனின் வேலை சென்னையில் இருந்தால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை யார் பெட்டி கட்டுவது? இதையெல்லாம் யோசித்துவிட்டும் அவள் போவேன் என்றால் தடுக்க யாருக்கும் உரிமையில்லை.

எழுத்துத் தேர்வுக்குப் பின் எஸ்.எஸ்.பி. என்ற நேர்முகத் தேர்வில் ஆளை ஐந்து நாள் பார்க்கிறார்கள். பலர் சேர்ந்து ஒரு சுமையைத் தடைகளுக்கு மேலே கடத்த வேண்டும்; யார் யோசனை சொல்கிறார்கள், தடுமாறும் ஆளுக்கு யார் கை கொடுக்கிறார்கள் என்று ஓரமாக நின்று ஒருவர் கவனிப்பார். கோச்சிங் வகுப்புக்குப் பணம் கட்டுமுன், உன்னை நம்பி நாலு பேர் இருக்கும் ஏதாவது ஒரு பொறுப்பை இந்த ஆறு மாதத்துக்கு எடுத்துச் செய்து பார் என்று அவளிடம் சொன்னேன். அது பிடித்திருந்தால் விண்ணப்பம் போடட்டும்.