பெரியம்மாவின் உள்ளங்கை

தீபாவளி முடிந்து இரண்டு மாதமாகிறது. அந்தக் கை இன்னும் கண்ணைவிட்டுப் போகவில்லை.

காலைச் சாப்பாடு, இட்லியும் கறிக்குழம்பும். மேசையில் அம்மா பூத்தையல் போட்ட வெள்ளை விரிப்பு. அம்மா இப்போது இல்லை. பெரியம்மா கிண்ணத்தை நகர்த்தும்போது குழம்பு சிந்திவிட்டது. "கை தவறிருச்சு தாயி" என்றவர், உள்ளங்கையை விரித்துக் கறையின் மேல் வைத்து அப்படியே மூடிக்கொண்டார்.

"கையை எடுங்க பெரியம்மா" என்றேன். எடுத்தார். தட்டுகளை ஒதுக்கி, விரிப்பை உருவிக்கொண்டு கொல்லைக்கு ஓடினேன்.

ஓடியது மட்டுமல்ல, செய்ததும் அவசரம். குழம்பைக் கரண்டியால் வழித்திருக்க வேண்டும். பருத்தித் துணியால் ஒற்றி, எண்ணெயை உறிஞ்சக் கடலை மாவு தூவி வைத்திருக்க வேண்டும். நானோ எடுத்த எடுப்பில் துணி சோப்பைப் போட்டுத் தேய்த்தேன். மஞ்சள், ரத்தச் சிவப்பாகிவிட்டது. கை கழுவ வந்த பெரியம்மா பின்னால் நின்று அதைப் பார்த்தார். எதுவும் பேசவில்லை.

பள்ளியில் மஞ்சள் தாள் செய்தது நினைவிருக்கிறது. சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டால் சிவக்கும். எலுமிச்சைச் சாறு பட்டால் பழைய மஞ்சளுக்குத் திரும்பும். மஞ்சளில் உள்ள குர்குமினை 1815-இலேயே பிரித்தெடுத்துவிட்டார்கள் என்று பின்னாளில் எங்கோ படித்தேன். காரம் பட்டால் அது சிவக்கும், வெயிலில் சிதையும். ஆக, அந்தச் சிவப்பு அலசினால் போய்விடும், மிச்ச மஞ்சளை வெயில் தின்றுவிடும் என்பது எனக்குத் தெரியும். பெரியம்மாவுக்குத் தெரியாது. தங்கை தைத்த துணியைப் பாழாக்கிவிட்டோம் என்றே வீட்டுக்குப் போயிருப்பார். திரும்பிப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல எனக்கு எவ்வளவு நேரமாகியிருக்கும்?

சின்ன வயதில் எங்கள் ஊரில் துணி வெளுத்த தாத்தா, வெள்ளாவிக்குக் கொண்டுபோகுமுன் ஒவ்வொரு துணியின் ஓரத்திலும் சேங்கொட்டைச் சாற்றால் குறி போடுவார். எத்தனை முறை வெளுத்தாலும் அந்தக் கறுப்பு போகாது. எந்த வீட்டுத் துணி என்பதற்கு அதுதான் அடையாளம். அந்தக் கறையை யாரும் குறை சொன்னதில்லை. புதுப் பாவாடையில் வாழைக்கறை பட்டால் மட்டும் அடி விழும். பயந்துபோய் நானும் ஒருமுறை கையால் மூடிக்கொண்டு நின்றிருக்கிறேன். அந்தக் கையை யார் விலக்கினார்கள் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. விலக்கியபோது எப்படியிருந்தது என்பது மட்டும் இருக்கிறது.

ஐப்பசி மழைக்கு நடுவே விட்டு விட்டு அடித்த வெயிலில், விரிப்பு வெளுக்க நான்கு நாளானது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மட்டும் எண்ணெய் வட்டம் லேசாகத் தெரிகிறது.

போன வாரம் துணிந்து போன் செய்தேன். "அந்தக் கறை போயிருச்சு பெரியம்மா."

"எந்தக் கறை தாயி?"

நிஜமாகவே மறந்துவிட்டாரா, அன்று போலவே எனக்காகக் கையை விரித்து மூடினாரா? குரலை வைத்து என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்கவும் இல்லை.

பொங்கலுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கும் அந்த விரிப்பைத்தான் போடப்போகிறேன்.