சுரங்கம் யாருக்குத் தெரியும்?

பேரிடர் வந்துவிட்டால் எல்லாரும் சமம் என்று சொல்வோம். வெள்ளத்துக்குப் பணக்காரன், ஏழை தெரியாதாம்; தீக்கு உயர்ந்தவன், தாழ்ந்தவன் தெரியாதாம். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

2021 டிசம்பரில் ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் ஏறியதை நாம் மறந்திருக்க மாட்டோம். மாடியிலும் கூரையிலும் ஏறி நின்று, படகுக்காக ஒரு நாளுக்கு மேல் காத்திருந்தவர்கள் பலர். “மேலே ஏறிடுங்க” என்பது உயிர் காக்கும் யோசனைதான். ஆனால் அது ஏற முடிந்தவர்களுக்கான யோசனை. சக்கர நாற்காலியில் இருப்பவர் என்ன செய்வார்? ஒலிபெருக்கியில் அறிவித்தால் காது கேளாதவருக்கு எப்படித் தெரியும்? தீப்பிடித்தால் மின்தூக்கியைப் பயன்படுத்தக் கூடாது என்று அடுக்குமாடிகளில் எழுதி வைக்கிறோம். படி இறங்க முடியாதவருக்கு அந்தப் பலகையில் பதில் இல்லை. தண்ணி எல்லார் வீட்டிலும் ஒரே மாதிரிதான் ஏறுது. தப்பிக்கிற வழிதான் ஒரே மாதிரி இல்லை.

இதைப் பற்றி நம்ம பிள்ளைகளோடு பேசியபோது ஒரு தம்பி நேராகவே கேட்டார்: “அண்ணே, படகுல ஆறு பேருக்குத்தான் இடம். நடக்க முடியாத ஒருத்தரைத் தூக்கி ஏத்த அரை மணி நேரம் ஆகும். அந்த நேரத்துல ஆறு பேரைக் காப்பாத்திடலாமே. எது தர்மம்?”

கடினமான கேள்வி. படகோட்டியை நான் குறை சொல்ல மாட்டேன். எதைத் தேர்ந்தாலும் அவர் மனசு வலிக்கும். ஆனால் அவரை அந்த இக்கட்டில் கொண்டுபோய் நிறுத்தியது யார்? அந்த வீட்டில் இப்படி ஒருவர் இருக்கிறார் என்று தெருவுக்கு முன்பே தெரிந்திருந்தால், தண்ணீர் கணுக்காலுக்கு வரும்போதே காரில் ஏற்றி அனுப்பியிருக்கலாம். யாரை விட்டுவிட்டுப் போவது என்பதை வெள்ளத்தன்று நாம் முடிவு செய்வதில்லை. விசாரிக்காமல் விட்ட வெயில் நாட்களிலேயே அது முடிவாகிவிடுகிறது.

மகாபாரதத்தில் அரக்கு மாளிகை எரிந்தபோது குந்தியைத் தோளில் தூக்கிப் போன பீமனைப் பாராட்டுகிறோம். எனக்கு விதுரர்தான் பெரியவராகத் தெரிகிறார். தீ மூளும் முன்பே எச்சரித்தார். ஆள் அனுப்பிச் சுரங்கம் தோண்ட வைத்தார். சுரங்கம் இல்லையென்றால் பீமன் எங்கே போயிருப்பான்? அதே இரவு அங்கே படுத்திருந்த ஒரு வேடுவப் பெண்ணும் அவளுடைய ஐந்து மகன்களும் எரிந்துபோனார்கள். வழி இருந்தது. அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. கதை சொல்லும்போது இந்த இடத்தை நாம் வேகமாகத் தாண்டிவிடுகிறோம்.

நம் நாட்டின் 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 40ஆம் பிரிவு, பேரிடர் வேளையில் மற்றவர்களுக்குச் சமமாக உதவி பெறுவது அவர்களின் உரிமை என்கிறது. உரிமை என்றால், நேரம் மிச்சமிருந்தால் காட்டும் இரக்கம் அல்ல.

வெள்ளம் வடியும் முன்பே சாப்பாட்டுப் பொட்டலம் கட்டுவதில் நம் இளைஞர்கள் கெட்டிக்காரர்கள். அது பெருமைதான். அதோடு, மழைக்கு முன் ஒரு சனிக்கிழமையையும் ஒதுக்குங்கள். உங்கள் தாமானில் வீடு வீடாகப் போங்கள். மாற்றுத்திறனாளி இருந்தால், அவருக்குப் பதிலாக வீட்டாரிடம் பேசாமல் அவரிடமே கேளுங்கள். எப்படித் தூக்கினால் வலிக்காது? என்ன மருந்து கூட வரணும்? நாற்காலியை விட்டுவிட்டு ஆளை மட்டும் தூக்கிப் போனால், நிவாரண மையத்தில் அவர் கழிப்பறைக்குப் போகவும் இன்னொருவர் கையை எதிர்பார்க்கணும். அவர் உடம்பு அவருக்குத்தான் தெரியும். அவர் சொன்னதைக் குழுவில் எல்லாருக்கும் பரப்பாதீர்கள். பக்கத்து வீட்டில் இருவருக்குத் தெரிந்தால் போதும்.

வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கிவிடும். அதற்குள் ஒரு கதவையாவது தட்டிவிடுங்கள்.