நற்காட்சியும் பிறர் தரப்பும்

திண்டிவனம், செஞ்சி வட்டாரத்துச் சிற்றூர்களில் தலைமுறை தலைமுறையாக உழுது வாழும் தமிழ்ச் சமணர்கள், அதாவது ஊரார் நயினார் என்றழைக்கும் குடியினர், தம் அறநெறியை மும்மணி என்னும் தொகுப்பில் அடக்குவர். மெய்ப்பொருள்களில் தெளிந்த நம்பிக்கையாகிய நற்காட்சி, அவற்றைத் திரிபின்றி உணரும் நல்ஞானம், உணர்ந்தவாறு நடக்கும் நல்லொழுக்கம் ஆகிய மூன்றும் கூடினாலன்றி வீடுபேறு இல்லை என்பது அவர்களது துணிபு. ஒழுக்கத்தையும் அறிவையும் தனித்தனியே பேசிப் பழகிய இக்காலத்தவர் இந்த இணைப்பை ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

ஏர் பூட்டி உழும் நிலத்தில் சிற்றுயிர்கள் மடியாமல் இரா. கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்டோர் உழவராக வாழ்வது எங்ஙனம் என்ற வினா இங்கே இயல்பாக எழுகிறது. துறவிக்கு முழுமையான மாவிரதத்தையும் இல்லறத்தார்க்கு அளவுபட்ட அணுவிரதத்தையும் வகுத்த சமணம், தீங்கினை மனமறிந்து செய்வது, வீட்டுப் பணியில் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது என நான்காகப் பகுத்து, முதலாவதை அறவே விலக்கவும் மற்றவற்றை இயன்றவரை குறைக்கவும் இல்லறத்தாரைப் பணிக்கிறது. வாழ்க்கையின் நெருக்கடியை அறியாத அறம் ஏட்டிலேயே தங்கிவிடும் என்பதை உணர்ந்தோர் செய்த பகுப்பு இது.

இதே நிதானம் அறிவுத்துறையில் அநேகாந்தம் எனப்படுகிறது. ஒரு பொருள் பல தன்மைகளை உடையது ஆதலின், அதைப் பற்றிய கூற்று எதுவும் ஒரு நோக்கில் மட்டுமே மெய்யாகும் என்பது அதன் சாரம். அந்நோக்கிற்கு நயம் என்று பெயர். ஏரி மதகின் அருகே நிலமுடையவர் நீர் போதும் என்பதும், கடைமடைக்காரர் போதாது என்பதும் தத்தம் நிலையில் உண்மையே. ஆனால் மூடிய மதகைத் திறந்திருப்பதாக ஒருவர் சாதித்தால் எந்த நயமும் அவருக்குத் துணை வராது. எல்லாக் கருத்தும் சமம் என்ற தளர்ந்த இணக்கத்தை அநேகாந்தத்தின் மேல் ஏற்றுவது அதற்குச் செய்யும் அநீதியாகும்.

அநேகாந்தத்தை எண்ணத்தில் கடைப்பிடிக்கும் கொல்லாமை எனப் போற்றுவது பெரிதும் 20ஆம் நூற்றாண்டு விளக்கம். பழைய ஆசிரியர்கள் அதைப் பிற சமயங்களை மறுக்கும் கருவியாகவே மிகுதியும் கையாண்டனர். சென்னை மாநிலக் கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக விளங்கிய அ. சக்கரவர்த்தி நயினார் 1936இல் பதிப்பித்த நீலகேசி அத்தகைய வாத நூல். பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதிகள், பூதவாதிகள் ஆகியோரோடு அதன் தலைவி சொற்போர் புரிகிறாள். வெல்வதே அவளது நோக்கம். ஆயினும் மறுப்பதற்கு முன் எதிர்த்தரப்பை எடுத்துரைக்கும் கடமையை அந்நூல் கைவிடவில்லை. பௌத்தக் காப்பியமாகிய குண்டலகேசி முழுமையாகக் கிடைக்காத நிலையில், அதன் வாதங்களும் பாடற்பகுதிகளும் ஓரளவேனும் எஞ்சியிருப்பதற்கு, அதை மறுக்கவே எழுந்த நீலகேசியும் அதற்கு வாமன முனிவர் வகுத்த சமயதிவாகர உரையும் பெருங்காரணங்களாகும்.