கேட்பது கேவலமா?



யூ.பி.யூ. முடிவு வந்துவிட்டது. கோயிலில் அர்ச்சனையும் முடிந்திருக்கும். பெட்டி, வாளி, போர்வை, ஹேங்கர் என்று அம்மா ஒரு பட்டியல் போட்டு வாங்கிக்கொண்டிருப்பார். அந்தப் பட்டியலில் இல்லாத ஒன்றைப் பற்றித்தான் இங்கே பேசப்போகிறேன்.

எங்கள் வீட்டில் சின்ன வயதிலிருந்தே ஒரு பாடம் உண்டு. “யாருகிட்டயும் போய் கைய நீட்டி நிக்கக்கூடாது.” பாட்டி தோட்டத்தில் பால்மரம் சீவியவர். கடைசிவரை யாரிடமும் கடன் வாங்காமல் வாழ்ந்தவர். அந்த ரோஷம்தான் எங்களை ஆளாக்கியது. ஆனால் அதே ரோஷம் பல்கலைக்கழக முதல் செமஸ்டரில் என்னைக் கவிழ்க்கப் பார்த்தது.

புள்ளியியல் பாடம். விரிவுரை மலாயில், புத்தகம் ஆங்கிலத்தில். மூன்றாவது வாரத்திலேயே எனக்குப் பிடி விட்டுப்போனது. “பாஹாம்?” என்று விரிவுரையாளர் கேட்பார். மண்டபமே தலையாட்டும், நானும் ஆட்டுவேன். கை தூக்கலாம் என்று தோன்றும். உடனே மனசு தடுக்கும். “இந்த வகுப்புல இந்தியப் பசங்களே நாலு பேருதான். நான் கேட்டா, இவனுங்களுக்கு ஒன்னும் தெரியலன்னு நினைச்சிடுவாங்களோ?” இனத்தின் மானத்தையே என் ஒரு கையில் தூக்கி வைத்திருப்பதாக நினைப்பு! அம்மா போன் செய்தால், “எல்லாம் ஓகேம்மா.”

அந்தப் பாடத்தில் தோற்றேன். செமஸ்டர் மதிப்பெண் சராசரி 2.04. அது 2.00க்குக் கீழே இறங்கினால் பிடிபிடிஎன் கடன் நின்றுவிடும். நூலிழையில் தப்பினேன்.

பிறகுதான் யோசித்தேன். உதவி கேட்பது தன்மானத்தை விடுவதா?

வள்ளுவரைப் பாருங்கள். பிச்சை எடுப்பதற்கு அஞ்ச வேண்டும் என்று ‘இரவச்சம்’ என ஒரு தனி அதிகாரமே எழுதியவர் அவர். அதே வள்ளுவர்தான் ‘கல்வி’ அதிகாரத்தில், செல்வர் முன் ஏழை நிற்பதுபோல ஆசிரியர் முன் பணிந்து நின்று கற்றவரே உயர்ந்தவர் என்கிறார். முரண்பாடா? இல்லை. பொருளைக் கேட்டு வாங்கினால் கொடுத்தவரிடம் அது குறைகிறது, வாங்கியவர் கடன்படுகிறார். கல்வியைக் கேட்டு வாங்கினால் கொடுத்தவரிடம் எதுவும் குறைவதில்லை. பாட்டி சொன்ன கைநீட்டல் வேறு, வகுப்பில் கை தூக்குவது வேறு. நான் இரண்டையும் குழப்பிக்கொண்டேன்.

பகவத் கீதையிலும் இதே விஷயம் இருக்கிறது. முதல் அத்தியாயத்தில் அர்ஜுனன் புலம்புகிறான், காரணங்களை அடுக்குகிறான். கண்ணன் அப்போது உபதேசத்தைத் தொடங்கவே இல்லை. இரண்டாம் அத்தியாயத்தில், “எனக்குக் குழப்பமாக இருக்கிறது, நான் உன் சீடன், சொல்லிக் கொடு” என்று அவன் சரணடைந்த பிறகுதான் உபதேசம் பிறக்கிறது. வில்லுக்குப் பெயர்போன வீரன், இரண்டு சேனைகளுக்கு நடுவே நின்று அதைச் சொன்னான். அவனுக்கே கேவலமில்லை என்றால் நமக்கென்ன?

“அப்படின்னா எல்லாத்தையும் கேட்டே வாங்கிக்கலாமா, அண்ணா?” என்று சிலர் நினைப்பீர்கள். அங்கேதான் கோடு போட வேண்டும். ‘சொல்லிக்கொடுங்க’ என்பது வேறு, ‘கொடுங்க’ என்பது வேறு. சீனியரின் பழைய அசைன்மெண்டை வாங்கிப் பெயரை மாற்றி அனுப்புவது கேட்டுக் கற்பதில்லை, அது திருட்டு. நம் நாட்டில் ஒரு கிரெடிட் என்றால் 40 மணி நேரப் படிப்பு என்று எம்.கியூ.ஏ. கணக்கு வைத்திருக்கிறது. மூன்று கிரெடிட் பாடத்துக்கு 120 மணி நேரம். வாரம் 3 மணி நேரம், 14 வாரம் வகுப்பில் உட்கார்ந்தாலும் 42தான் வரும். மீதி 78 மணி நேரம் நம் பொறுப்பு. பள்ளியில் டீச்சர் நம் பின்னால் வந்தார், டியூஷனில் துரத்தினார்கள். இங்கே துரத்த ஆளில்லை. அந்த 78 மணி நேரத்தில் நம் பங்கைச் செய்துவிட்டுக் கேட்டால் அது கல்வி. செய்யாமல் கேட்டால் பாட்டி பயந்த அதே கைநீட்டல்தான்.

மறு செமஸ்டரில் அதே பாடத்தை மீண்டும் எடுத்தேன். விரிவுரையாளர் அறைக் கதவில் மாணவர்களைச் சந்திக்கும் நேரம் ஒட்டியிருந்தது. போன செமஸ்டரிலும் ஒட்டித்தான் இருந்தது, நான்தான் பார்க்கவில்லை. போட்டுப் பார்த்த கணக்கை எடுத்துக்கொண்டு போய், “இந்த வரி வரைக்கும் புரியுது, இதுக்கு அப்புறம் புரியல” என்றேன். பத்தே நிமிடம் பிடித்தது. வெளியே வந்தபோது அழுகை வந்தது. பத்து நிமிடத்துக்குப் பயந்து ஒரு செமஸ்டரைத் தொலைத்திருந்தேன்.

அன்றிரவு அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “ஃபெயிலானது பரவால்லப்பா. இத்தன மாசம் ஓகேன்னு சொன்னியே, அதுதான் கஷ்டமா இருக்கு” என்றார். நான் மானம் என்று காப்பாற்றியது, அம்மாவுக்குப் பொய்யாகப் போய்ச் சேர்ந்திருந்தது.

ஆகவே, முதல் வாரமே உங்கள் கல்வி ஆலோசகர் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மூன்றாவது வாரம் புரியாததை நான்காவது வாரத்துக்குத் தள்ளாதீர்கள். ஏற்கெனவே உள்ளே இருக்கும் சீனியர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு தம்பி தயங்கித் தயங்கி வந்து கேட்டால், “இதுகூடத் தெரியாதா?” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த ஒரு சொல், அவன் இனிமேல் யாரிடமும் கேட்காமல் போவதற்குப் போதும்.

பெட்டியில் எல்லாம் எடுத்து வைத்தாயிற்றா? கேட்கும் துணிவையும் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.