செய்வித்தவர் பொறுப்பு

ஒரு பனியன் கடைக்கு வந்து சேர்வதற்குள் பல கைகள் மாறுகிறது. பருத்திக்காடு, ஜின்னிங், நூற்பாலை, நிட்டிங், சாயப்பட்டறை, காம்பாக்டிங், அதன் பிறகு கட்டிங், தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங். இவற்றில் பெரும்பாலானவை தனித்தனி முதலாளிகளுடையவை. துணியில் தன் பெயரைப் பொறித்து விற்கும் நிறுவனத்துக்கு இவற்றில் ஒன்றுகூடச் சொந்தமாக இருக்க வேண்டியதில்லை. நூற்பாலை விடுதியில் இளம்பெண்கள் வெளியே விடப்படாமல் வைக்கப்பட்டாலோ, சாயக்கழிவு ஆற்றில் இறங்கினாலோ அந்தத் தீமையில் பெயரைப் பொறித்தவருக்குப் பங்கு உண்டா? உண்டென்றால் எவ்வளவு? நிர்வாகவியல் நூல்கள் இதற்கு ஒரு தனி அத்தியாயம் ஒதுக்கி, படிவங்களையும் மதிப்பெண் அட்டவணைகளையும் தருகின்றன. ஆனால் அடியில் இருப்பது மிகப் பழைய அறக்கேள்வி. தன் கையால் செய்யாமல் பிறர் கையால் நடந்த வினை யாரைச் சேரும் என்பதே அது.

இந்தக் கேள்விக்கு இந்தியச் சமயங்களில் மிக நுணுக்கமாக விடை தேடியது சமணம். ஒரு வினையை ஒருவர் தானே செய்யலாம், பிறரைக் கொண்டு செய்விக்கலாம், பிறர் செய்ததற்கு உடன்படலாம். மூன்றிலும் வினை ஒட்டும் என்பது அதன் கொள்கை. உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம் இதை ஒரு கணக்காகவே தருகிறது. வினையை எண்ணுதல், அதற்கு ஆயத்தமாதல், தொடங்குதல் என நிலைகள் மூன்று. மனம், வாக்கு, காயம் என வாயில்கள் மூன்று. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூன்று. அவற்றைத் தூண்டும் கோபம், செருக்கு, வஞ்சனை, பேராசை என நான்கு. பெருக்கினால் 108. இந்தக் கணக்கில் தப்பிக்கும் இடம் மிகக் குறைவு. சரக்கு வேண்டும் என்று வாயால் சொன்னவரும், எப்படி வந்தாலும் சரி என்று மனத்தால் ஒப்பியவரும் வினைக்கு உள்ளேதான் நிற்கிறார்கள்.

பௌத்தம் வேறு வழியில் சென்றது. பாலி மொழி மஜ்ஜிம நிகாயத்தில் உள்ள ஜீவக சூத்திரத்தில், மருத்துவர் ஜீவகர் புத்தரிடம் புலால் உணவு பற்றிக் கேட்கிறார். தனக்காகவே அந்த உயிர் கொல்லப்பட்டது என்பதைக் கண்டிருந்தாலோ, கேட்டிருந்தாலோ, சந்தேகப்பட்டாலோ துறவி அதை உண்ணக் கூடாது. மூன்றும் இல்லையென்றால் பாத்திரத்தில் விழுந்ததை உண்ணலாம் என்பது அங்கே கிடைக்கும் விடை. இங்கே பொறுப்பை அளக்கும் கோல் அறிவுதான். இதைச் சமணர்கள் கடுமையாக மறுத்தார்கள். தமிழில் நீலகேசி, பௌத்தர்களோடு நடத்தும் வாதத்தில் புலால் உண்பதை ஒரு முக்கியப் பொருளாக எடுத்துக்கொள்கிறது. திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரமும் இதே இடத்தைத் தொடுகிறது. உண்பதற்காக உலகம் கொல்லாதிருந்தால், விலைக்கு ஊன் தருபவர் எவரும் இருக்கமாட்டார் என்பது அதில் ஒரு குறளின் வாதம். வள்ளுவர் இங்கே அறிந்தானா அறியவில்லையா என்று விசாரிக்கவே இல்லை. வேண்டுபவர் இருப்பதே கொலைக்குக் காரணம் என்கிறார். சந்தையின் வழியாகப் பாயும் பொறுப்பை இவ்வளவு சுருக்கமாகவும் நேராகவும் சொன்ன பழைய வாதம் வேறொன்றைக் காட்டுவது கடினம்.

ஜீவக சூத்திரத்தை முழுவதும் படிக்காமல் பௌத்தம் இடம் கொடுத்துவிட்டது என்று முடிவு கட்டுவதும் நியாயமில்லை. துறவிக்காக ஓர் உயிரைக் கொல்பவருக்கு ஐந்து வகையில் பாவம் சேர்வதாக அதே சூத்திரம் எண்ணுகிறது. அந்த உயிரைப் பிடித்து வா என்று சொல்வதே அவற்றில் முதலாவது. ஏவியவரை அது விடவில்லை. கண்டது, கேட்டது, சந்தேகித்தது என்ற சலுகை பிச்சை ஏற்பவருக்கு மட்டும் உரியது. அவர் என்ன வேண்டும் என்று கேட்பதில்லை, விலை பேசுவதில்லை, நாள் குறிப்பதில்லை.

இன்றைய பெருநிறுவனங்கள் பலகாலம் இந்தச் சலுகையைத்தான் எடுத்துக்கொண்டன. சப்ளையர் செய்தது எங்களுக்குத் தெரியாது, எங்கள் பார்வைக்கு வரவில்லை, ஐயப்பட முகாந்தரம் இல்லை என்ற விளக்கம் எழுத்துக்கு எழுத்து பிக்குவின் விதி. அதைச் சொல்பவரோ பிக்கு அல்லர். நூலின் தடிமன், சாயத்தின் நிறம், தையலின் நெருக்கம், பீஸின் விலை, கப்பல் ஏறும் தேதி என அனைத்தையும் எழுத்தில் கொடுத்தவர். அவருடைய நிலை பிச்சைப் பாத்திரம் ஏந்தியவருடையது ஆகாது. பிடித்து வா என்று ஏவியவருடையது.

நிறுவனங்களின் மனித உரிமைப் பொறுப்பு குறித்து ஐ.நா. மனித உரிமை மன்றம் 2011இல் ஏற்ற வழிகாட்டு நெறிகள், ஜான் ரக்கி தலைமையில் உருவானவை, தீமையோடு ஒரு நிறுவனத்துக்குள்ள உறவை மூன்றாகப் பிரிக்கின்றன. தானே விளைவிப்பது, விளைவதற்குத் துணைபோவது, தன் பொருளாலோ வணிக உறவாலோ அதனுடன் பிணைந்திருப்பது. சமணத்தின் மூன்றோடு இது அப்படியே பொருந்தாது. மூன்றாவது வகைக்கு மன ஒப்புதல்கூடத் தேவையில்லை. ஆனாலும் கையால் செய்தவரோடு விசாரணை நின்றுவிடக் கூடாது என்பதில் இரண்டும் ஒரே பக்கம் நிற்கின்றன.

நடைமுறையில் இந்த நெறிகள் பெரும்பாலும் ஆடிட் என்ற வடிவத்தில்தான் தொழிற்சாலைக்குள் நுழைகின்றன. ஆடிட் நாள் எப்படிப்பட்டது என்பது பின்னலாடைத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். வழியை அடைத்திருந்த பண்டல்கள் நகர்த்தப்படும். முதலுதவிப் பெட்டியில் மருந்து நிரம்பும், கட்டிங் மாஸ்டர் கையில் இரும்பு வலை உறை ஏறும், மெஷின் ஊசிகளுக்கு கார்டு மாட்டப்படும். வருகைப் பதிவேட்டில் ஓவர்டைம் அளவோடு இருக்கும். உண்மையான நேரம் வேறொரு நோட்டில் இருக்கும். கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று சூப்பர்வைசர் முந்தின நாளே சொல்லி வைத்திருப்பார். இந்த வேஷம் எல்லாக் கம்பெனியிலும் நடப்பதில்லை, உண்மையாகவே விதிகளைக் காப்பவர்கள் உண்டு. ஆனால் இரண்டையும் பிரித்தறிய ஓரிரு நாள் வந்துபோகும் ஆடிட்டரால் பல நேரம் முடிவதில்லை. ஆர்டர் மிகுந்த மாதத்தில் தையல், வெளியே பவர் டேபிள் வைத்திருக்கும் ஜாப் ஒர்க் கான்ட்ராக்டருக்குப் போய்விடும். அந்தக் கூடத்தை ஆடிட்டர் பார்ப்பதே இல்லை.

2012 செப்டம்பர் 11 அன்று கராச்சியின் பால்தியா நகரில் ஓர் ஆடைத் தொழிற்சாலை எரிந்து 250க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சில வாரங்களுக்கு முன்புதான் அந்த ஆலைக்கு எஸ்.ஏ.8000 என்ற சர்வதேசத் தரச்சான்று கிடைத்திருந்தது. அது வைக்கப்பட்ட தீ என்று பின்னாளில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. யார் வைத்த தீயானாலும், கம்பி போட்ட ஜன்னல்களும் திறக்க முடியாத வழிகளும்தான் அத்தனை பேரை உள்ளேயே நிறுத்திவிட்டன. சான்றிதழ் பிக்குவின் விதியைத்தான் நிறைவேற்றியது. வாங்குபவர் காணவில்லை, கேட்கவில்லை, சந்தேகிக்கவில்லை என்பதற்கு அது ஆதாரம்.

ஆகவே தேட வேண்டிய இடம் ஆர்டர்தான். செய்வித்தல் அங்கேதான் நிகழ்கிறது. பையர் டிசைனை நடுவில் மாற்றுகிறார், சாம்பிளுக்கு ஒப்புதல் தாமதமாகிறது, ஷிப்மெண்ட் தேதி மட்டும் அசைவதில்லை. தேதி தப்பினால் சரக்கை விமானத்தில் அனுப்பும் செலவு சப்ளையர் தலையில். அதற்குப் பயந்து கம்பெனி இரவு ஷிப்ட் போடுகிறது, அல்லது முகம் தெரியாத ஜாப் ஒர்க்குக்குத் தள்ளுகிறது. அதே பையரின் நடத்தை விதித் தொகுப்பு ஓவர்டைமையும் அனுமதியற்ற உள்ஒப்பந்தத்தையும் தடை செய்கிறது. ஒரு கையால் தடுத்ததை மறு கையால் ஏவுகிறார். சமணத்தின் கணக்கில் வாக்கால் விலக்கியதும் வாக்கால் செய்வித்ததும் ஒன்றையொன்று கழித்துக்கொள்வதில்லை.

வங்கதேசத்தின் சாவாரில் ராணா பிளாசா கட்டடத்தில் 2013 ஏப்ரல் 23 அன்று விரிசல் தெரிந்தது. கீழ்த்தளத்தில் இருந்த வங்கி தன் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியது. மேல்தளங்களில் இருந்த ஆடைத் தொழிலாளர்களோ மறுநாள் காலை உள்ளே போகச் சொல்லப்பட்டார்கள். கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஒரே விரிசலைப் பார்த்து ஒரு முதலாளி கதவை மூடினார், மற்றவர்கள் திறந்தார்கள். இந்த வேறுபாட்டுக்கு மனக்கொடுமையை மட்டும் காரணமாகச் சொன்னால் போதாது. வங்கிக்குக் கப்பல் தேதி இல்லை.

இதற்கு எதிராக வலுவான ஒரு வாதம் உண்டு. சப்ளையரும் சுயமாகச் சிந்திக்கும் மனிதர். தப்பு வழியைத் தேர்ந்தது அவர். இடையில் சுதந்திரமாகச் செயல்படும் ஒருவர் வேண்டுமென்றே செய்த செயல் காரணச் சங்கிலியை அறுத்துவிடும் என்பது ஆங்கிலேயச் சட்ட மரபில் ஊறிய கருத்து. ஹார்ட்டும் ஆனரேயும் 1959இல் வெளியிட்ட, சட்டத்தில் காரணம் பற்றிய நூல் அதை விரிவாக ஆராய்கிறது. இந்த வாதத்தைத் தூக்கி எறிய முடியாது. சாயக்கழிவைத் திருட்டுத்தனமாக இரவில் திறந்துவிட்டவரின் குற்றம், வெளிநாட்டில் ஒரு பங்காளி கிடைத்தார் என்பதால் குறையாது. ஆனால் சங்கிலி அறுபட இடையில் இருப்பவருக்கு வேறு வழி உண்மையாகவே இருந்திருக்க வேண்டும். நியாயமான கூலியும் சுத்திகரிப்பும் சேர்ந்தால் எந்த விலைக்குக் கீழே ஒரு பீஸ் தைக்க முடியாது என்பது தெரிந்தும், அதற்குக் கீழே விலை பேசுபவர் தப்பைத் தானும் சேர்ந்தே தேர்ந்தெடுக்கிறார். சப்ளையரின் பொறுப்பு முழுமையாகவே இருக்கும். வாங்குபவரின் பொறுப்பும் முழுமையாகவே இருக்கும். சொத்தைப் போலப் பாகம் பிரித்தால் ஒருவருக்கு ஏறி மற்றவருக்குக் குறையும் என்று வினையை எண்ண வேண்டியதில்லை.

அடுத்தது இன்னும் கடினமானது. தீமையோடு தொடர்பு வைக்காமல் விலகுவதே அறம் என்றால், ஆர்டரை ரத்து செய்துவிட்டால் கை சுத்தமாகிவிடுமா? 1990களின் தொடக்கத்தில், குழந்தைகள் உழைப்பில் ஆன பொருள்களை அமெரிக்காவுக்குள் விடக் கூடாது என்று செனட்டர் ஹார்க்கின் ஒரு மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவே இல்லை. அந்த அச்சத்திலேயே வங்கதேச ஆடைத் தொழிற்சாலைகள் ஆயிரக்கணக்கான சிறுவர் சிறுமியரை வெளியே அனுப்பின. அவர்களில் பலர் கல் உடைக்கவும் தெருவில் விற்கவும் அதைவிட மோசமான வேலைகளுக்கும் போனதை யுனிசெப் பதிவு செய்தது. 1995இல் ஆடை உற்பத்தியாளர் சங்கமும் யுனிசெப்பும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. குழந்தைகளைப் பள்ளியில் சேர்த்து உதவித்தொகையும் கொடுத்த பிறகே வேலையிலிருந்து எடுப்பது என்று அதில் முடிவானது. துறவிக்கு விலகல் சாத்தியம், ஏனென்றால் அவர் எதையும் உருவாக்கவில்லை. ஓர் ஊரையே தன் ஆர்டரை நம்பி வாழப் பழக்கிய நிறுவனம் விலகும்போது, விலகலே இன்னொரு வினையாகிறது. திருத்த முயன்று, திருத்தச் செலவில் பங்கேற்று, அதற்கும் சப்ளையர் இணங்காதபோது மட்டும், தொழிலாளருக்கு நேரும் இழப்பையும் எண்ணி விலகுவதே பொறுப்பான விலகல்.

இதுவரை பேசியது ஒப்பந்தச் சங்கிலிக்குள் இருப்பவர்களைப் பற்றி. சங்கிலிக்கு வெளியே நின்று அடி வாங்குபவர்கள் ஆற்றின் கீழ்ப்புறத்து விவசாயிகள். பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் பிடிக்க உப்பு மிகுதியாகத் தேவை. சாயம் போட்ட தண்ணீரோடு அந்த உப்பும் வெளியேறும். நிறத்தை நீக்கினாலும் உப்பு போகாது. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு நொய்யலில் கலந்தது. பாசனத்துக்காகக் கட்டப்பட்டு 1992இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமாக மாறியது. கிணறுகள் உப்பாயின, தென்னையும் பயிரும் கெட்டன. அந்த விவசாயி எந்த பையருக்கும் சப்ளையர் அல்லர், எந்த ஆடிட்டரும் அவரைப் பேட்டி எடுத்ததில்லை. அவர் நீதிமன்றத்துக்குத்தான் போக முடிந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவை ஆலைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரைத் துளியும் வெளியே விடாமல் சவ்வூடு வடிகட்டலாலும் ஆவியாக்கலாலும் நீரையும் உப்பையும் மீட்கும் முறை அதன் பிறகுதான் ஊன்றியது. அதற்கு மின்சாரமும் பணமும் நிறைய வேண்டும். செலவு கிலோவுக்கான சாயக்கூலியில் ஏறுகிறது. அந்தக் கூலியைத் தராமல், அதே துணியை இத்தகைய கட்டுப்பாடு இல்லாத ஊரின் விலையோடு ஒப்பிட்டுப் பேரம் பேசும் பையர், தன் அறிக்கையில் நீர் பாதுகாப்பு பற்றி எவ்வளவு பக்கம் எழுதினாலும், நொய்யல் பழையபடி ஆவதற்கே விலை குறிக்கிறார்.

அரசியல் தத்துவ அறிஞர் ஐரிஸ் மேரியன் யங் இந்தப் பரந்த பொறுப்புக்கு ஒரு கருத்துச் சட்டகம் தந்தார். அவர் மறைவுக்குப் பின் 2011இல் வெளியான, நீதிக்கான பொறுப்பு பற்றிய நூலில், ஆடைத் தொழிலையே எடுத்துக்காட்டாகக் கொண்டு, அநீதியை உண்டாக்கும் அமைப்பில் பங்கேற்கும் அனைவரும் அதை மாற்றப் பொறுப்புடையவர்கள் என்கிறார். குற்றவாளியைக் கண்டுபிடிப்பது அவர் நோக்கமில்லை. இனி யார் என்ன செய்ய வேண்டும் என்பதே. அதை நிர்ணயிக்க அவர் கேட்பவை: யாருக்கு அதிகாரம், யாருக்கு ஆதாயம், மாற்றத்தில் யாருக்கு நலன், யாரால் கூடிச் செயல்பட முடியும். விலையையும் தேதியையும் நிர்ணயிப்பவர் முதல் இரண்டிலும் முன்னே வருகிறார். நலனும் கூடும் வலிமையும் தொழிலாளரிடம் உள்ளன.

சட்டங்கள் மெல்ல இந்தத் திசைக்கு வருகின்றன. பிரான்ஸ் 2017இல் பெருநிறுவனங்கள் மீது விழிப்புக் கடமையை விதித்தது. ஜெர்மனியின் சப்ளைச் சங்கிலிச் சட்டம் 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அது நேரடி சப்ளையரைத் தாண்டி உள்ளவர்கள் விஷயத்தில், மீறல் நடந்திருக்கலாம் என்பதற்கு ஆதாரமுள்ள தகவல் கிடைத்தால்தான் விசாரிக்கச் சொல்கிறது. நூற்பாலையும் சாயப்பட்டறையும் பெரும்பாலும் அந்த அப்பால் பகுதியிலேயே இருக்கின்றன.

ஒப்பந்தங்கள் சட்டத்தைவிடச் சற்று முன்னே போயிருக்கின்றன. திண்டுக்கல் பகுதி ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் பெண்கள் மீதான வன்முறையை எதிர்த்த போராட்டத்தின் விளைவாக 2022இல் ஏற்பட்ட உடன்பாட்டில், தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், ஆலை நிர்வாகம், வெளிநாட்டு வாங்குவோர் எனப் பல தரப்பும் கட்டுப்பட்டன. தளத்திலேயே பயிற்சி பெற்ற பெண் தொழிலாளர்கள் கண்காணிக்கும் ஏற்பாடு அதில் இருந்தது. ஆண்டுக்கு ஓரிரு நாள் வரும் ஆடிட்டர் காணாததை நாள்தோறும் அங்கேயே உழைப்பவர் காண்கிறார். ராணா பிளாசாவுக்குப் பின் 2013 மே மாதம் கையெழுத்தான வங்கதேசத் தீ மற்றும் கட்டடப் பாதுகாப்பு உடன்பாடு வாங்குபவரின் கடமையைப் பணம் வரை கொண்டுசென்றது. பாதுகாப்புப் பணிகளைச் செய்ய ஆலைக்குக் கட்டுப்படியாகும் வணிக நிபந்தனைகளைத் தர வேண்டும், முதல் இரண்டு ஆண்டுகளாவது அந்நாட்டில் கொள்முதலைத் தொடர வேண்டும் என்று அது எழுத்தில் பிணைத்தது. மீறினால் நடுவர் மன்றம். இரண்டு உலகத் தொழிற்சங்கக் கூட்டமைப்புகள் அந்த வழியில் தி ஹேகில் வழக்குத் தொடுத்தபின், 2018 ஜனவரியில் பெயர் வெளியிடப்படாத ஒரு பன்னாட்டு நிறுவனம் 23 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. அதன் பெரும்பகுதி தன் சப்ளையர்களின் கட்டடங்களைச் சீர்செய்வதற்கானது.