நகராதவர்களின் விசை

எவ்வளவு தூரம் போனான் என்பதை வைத்தே ஒருவனுடைய சக்தியை மதிப்பிடுகிறோம். ஊரைவிட்டுப் போனவன், மரபை உடைத்துப் போனவன், மொழியைப் புது இடத்துக்கு இழுத்துப் போனவன் - நம்முடைய விமர்சனச் சொற்கள் எல்லாமே பயணத்தின் சொற்கள். 'தேக்கம்' என்பது நம்மிடையே ஒரு வசை. நானும் இந்த அளவுகோலை வெகுகாலம் கையில் வைத்திருந்தவன்தான். அதைச் சந்தேகிக்க வைத்தது உயிரணு ஆராய்ச்சியில் நடந்த ஒரு சிறு காரியம்.

1907ல் ராஸ் ஹாரிஸன் தவளைக் கருவின் நரம்புத் திசுவை உடலுக்கு வெளியே, ஒரு துளி நிணநீரில், வளரவைத்துக் காட்டினார். அதற்குப்பின் பல பத்தாண்டுகள் உயிரணுக்களைப் பெரும்பாலும் கண்ணாடியின்மீது விட்டே கவனித்தார்கள். அவற்றின் வடிவம் தெரிந்தது; வேகம் தெரிந்தது. தரையை அவை இழுக்கும் விசை மட்டும் தெரியவில்லை. கண்ணாடி வளைவதில்லை. அந்தச் சின்னஞ்சிறு இழுப்பு அதில் எந்தச் சுவடும் விடாது. 1980ல் ஆல்பர்ட் ஹாரிஸ், பட்ரிஷியா வைல்ட், டேவிட் ஸ்டோபாக் மூவரும் சிலிகோன் திரவத்தின் மேல் கணநேரம் தீச்சுடரைக் காட்டினார்கள். மேற்பரப்பு மட்டும், காய்ச்சிய பாலில் ஏடு படிவதுபோல, ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர் கனத்தில் இறுகியது. அந்த ஏட்டின்மேல் விட்ட உயிரணுக்களின் அடியில் மடிப்பு மடிப்பாகச் சுருக்கங்கள் விழுந்தன. விசை கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

என்னை நிறுத்தியது அடுத்த விஷயம். பலவகை உயிரணுக்களை ஒப்பிட்டபோது, விரைந்தோடும் வெள்ளணுக்களின் இழுப்பு மிகச் சொற்பமாக இருந்தது. மெதுவாக ஊரும் ஃபைப்ரோபிளாஸ்ட் - தோலிலும் தசைநாணிலும் நார்ப்பொருளை உண்டாக்கும் உயிரணு - ஏட்டைக் கசக்கிப் பிடித்தது. நகர்வதற்குத் தேவையானதைவிட மிக அதிகமான விசை. இந்த மிகுதி எதற்காக? 1981ல் அதே மூவர் கொலாஜன் கூழில் இந்த உயிரணுத் திரள்களை இடைவெளிவிட்டு வைத்தார்கள். அவை இழுத்த இழுப்பில் நடுவிலிருந்த நார்கள், தசைநாணில் இருப்பதுபோல, வரிசைப்பட்டு நின்றன. ஊர்வதில் செலவாகாத விசை, சுற்றியிருப்பதை ஒழுங்கில் வைப்பதில் செலவாகிறது.

என் அண்ணன் பிறந்த ஊரைவிட்டு எங்கும் போகவில்லை. ஒரே வீடு, ஒரே மளிகைக்கடைக் கணக்கு. 1980களில் மாதம் ஒரு கார்டு எழுதுவார்: தங்கை குழந்தைக்குச் சுரம், சித்தப்பாவுக்குக் கண் ஆபரேஷன், பொங்கலுக்கு வரப்பார். மூன்று கார்டுக்கு ஒரு பதில் போடுவேன். பட்டணத்து நண்பர்களிடம் அவரை 'நகராத மனுஷன்' என்று சொல்லிச் சிரித்திருக்கிறேன். என்மேல் எந்தச் சுருக்கமும் விழாததால், அவரிடம் விசை இல்லை என்று முடிவு கட்டியிருந்தேன்.

1999ல் மைக்கா டெம்போவும் யூ-லி வாங்கும் இழுவிசையைக் கணக்கிட்ட முறை இன்னும் கண்டிப்பானது. மென்மையான கூழில் ஒளிரும் நுண்மணிகளைப் பதித்து, அதன்மேல் உயிரணுவை ஊரவிடுவது. மணிகள் இடம்பெயரும். எங்கிருந்து பெயர்ந்தன? அதை அறிய உயிரணுவை அகற்றியாக வேண்டும். அது போனபின் கூழ் தளர்ந்து, மணிகள் தம் பழைய இடத்துக்குத் திரும்பும். இரு படங்களுக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்துதான், நியூட்டனில் நூறு கோடியில் ஒரு பங்கு என்ற அலகில், விசை கணக்காகிறது. இருப்பின் அளவு இன்மையில் பூர்த்தியாகிறது.

அண்ணன் இறந்து நான்கு வருஷங்கள் ஆகின்றன. அதன்பின் பொங்கலுக்கு யாரும் ஊரில் கூடவில்லை. தங்கைக்கும் சித்தப்பா மகனுக்கும் பேச்சு நின்றுவிட்டது. யார் யார் எங்கே விலகிப் போனார்கள் என்று பார்க்கும்போது, அவர் எங்கெங்கே பிடித்துக்கொண்டிருந்தார் என்பது தெரிகிறது.

இதை அவருக்குப் புகழ்மாலையாக்க எனக்கு உத்தேசமில்லை. காயத்தின் வாயை மூடுவது இந்த இழுவிசைதான். தீப்புண் ஆறும்போது விரலை மடக்கி நிமிரவிடாமல் செய்வதும் இதுவேதான். தங்கையின் படிப்பு அண்ணனின் ஒரு சொல்லில் நின்றது. அவர் போய்விட்டதால் அவள் அந்தப் பழைய இடத்துக்குத் திரும்பிவிடவில்லை. கூழைத் தேர்ந்தெடுப்பதே அது முழுக்கத் திரும்பும் என்பதால்தான். மனிதர்கள் ஓரளவே திரும்புகிறார்கள். ஆகவே என் அளவிலும் பிழை இருக்கிறது. அந்தப் பிழை எவ்வளவு என்று சொல்ல எனக்கு இரண்டாவது படம் கிடையாது.

தீர்ப்புச் சொல்பவன் பாதிப்புக்கு அப்பால் நிற்கவேண்டும் என்று நாம் நம்பி வந்திருக்கிறோம் - ஒரு கவிதையைப் பற்றியானாலும், உடன்பிறந்தவனைப் பற்றியானாலும். பாதிப்புக்கு அப்பால் நிற்பது கண்ணாடி. எத்தனை உயிர்கள் ஊர்ந்தாலும் அது தருவது வேகத்தையும் வடிவத்தையும்தான். வளைந்து கொடுப்பவன் தவறாக அளக்கக்கூடும். வளையாதவன் அளக்கவே தொடங்கவில்லை.

அண்ணனின் கார்டுகளில் பதினொன்று என்னிடம் மிஞ்சியிருக்கின்றன. வந்த அன்று ஒவ்வொன்றையும் நின்றபடியே படித்துவிட்டு மேஜை டிராயரில் போட்டது ஞாபகமிருக்கிறது.