விரும்பி ஏறும் மேடு

இத்தாலியின் கோமோ ஏரிக்கு மேலே, 754 மீட்டர் உயரத்தில் கிசாலோ அன்னையின் சிற்றாலயம் உள்ளது. 1949இல் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் இவ்வன்னையை மிதிவண்டி ஓட்டுவோரின் பாதுகாவலியாக அறிவித்தார். லொம்பார்தியாப் பந்தய வீரர்கள் மூச்சிரைக்க ஏறிய அச்சாலையில், பரிசுக்கு வழியே இல்லாத எளியவர்களும் விடுமுறை நாளில் ஏறுகின்றனர். நம் நாட்டில் 2008இல் தொடங்கிய நீலகிரி சைக்கிள் பயணத்தினரும் 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டி மலைச்சாலையை நாடியது இவ்வாறே.

ஏரியூரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். கேரியரில் மூட்டையைக் கட்டி, மேடு வந்ததும் இறங்கித் தள்ளும் உழவருக்கு, மேட்டைத் தேடிப் போவது வேடிக்கைதானே! வயிற்றுக்காக வியர்ப்போர் இருக்க, வியர்வையை விளையாட்டாக்குவது தகுமா?

தவக்கால நோன்பை எண்ணிப் பாருங்கள். உணவிருந்தும் உண்ணாதிருப்பது ஏழையின் பட்டினியன்று. ஆயினும் அது பொய்யுமன்று. யாரும் காணாத வளைவில் இறங்கிவிட்டால் கேட்பாரில்லை. அங்கேயும் மிதிப்பவர் தம்மையே சோதித்தறிகிறார். ஆனால் அவர் விரும்பினால் நிறுத்தலாம். மூட்டைக்காரர் நிறுத்தினால் அன்று வீட்டில் அடுப்பெரியாது. இவ்வேறுபாட்டை மறைக்கலாகாது.

மலையேறிக் களைத்தவர் திரும்பும் வழியில், மூட்டை தள்ளுபவரைக் கண்டு ஒதுங்கி வழிவிடுகிறாரா, மணியடித்து விலக்குகிறாரா என்பதையே நான் பார்ப்பேன்.